பி பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு

1

நம் ஊர் மலருக்கு வெளிநாட்டில் படிக்கிறவன் ஏதாவது எழுது என்று கேட்டீர்கள். கங்காரு, பனி, வெள்ளைக்காரர் சாப்பாடு, இதைத்தான் எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். கங்காருவை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. மெல்பர்னில் பனியும் பெய்வதில்லை. நம் மலையூர் கம்போங் ராஜாவின் காலைக் குளிர்தான், கொஞ்சம் கோபக்காரக் காற்றோடு. ஆகவே ஒரு பொட்டைப் பற்றி எழுதுகிறேன். மன்னிக்கவும்.

என் அறையில் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. பழைய காலத்துக் கறுப்புத் தட்டுதான், சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரியது. இங்கே என் வயதுக்காரர்களுக்கு அது மறுபடியும் மோகமாகிவிட்டது. என் தட்டின் பின்பக்கமான பி பக்கத்தில், இரண்டாவது பாட்டின் நடுவில், 'டக்' என்று ஒரு சத்தம் வரும். தட்டு ஒரு சுற்று சுற்றி வரும், மறுபடி 'டக்'. எண்ணிப் பார்த்திருக்கிறேன், பதினொன்று. பிறகு பாட்டு ஒன்றுமே நடக்காதது போல் போய்க்கொண்டிருக்கும்.

அறைத்தோழன் பென்னுக்கு இது தாங்கவில்லை. தாடி வைத்த நல்ல பையன். தட்டு கழுவுவதற்கென்றே ஒரு திரவமும் ஒரு பிரஷும் வைத்திருக்கிறான். "ஒரே நிமிஷம் கொடு, சுத்தமாக்கித் தருகிறேன்" என்று ஒரு வருடமாகக் கேட்கிறான். "வேண்டாம்" என்று நானும் ஒரு வருடமாகச் சொல்கிறேன். "அது என்ன கறை?" என்றான் ஒருநாள். "கறை இல்லை. சாமி" என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தத் தட்டின் பக்கமே அவன் போகவில்லை.

நேற்று சரஸ்வதி பூஜை. எனக்கு வகுப்பு இருந்தது. போன வருடம் இதே நாளில் நான் ஊரில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தேன். பொட்டு அன்றைக்குத்தான் விழுந்தது.

2

கதைக்குப் போகுமுன் இந்த இசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இவன் அங்கே போய்க் கெட்டுவிட்டான் என்று நினைப்பீர்கள். நினைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இண்டி ராக் என்பது, பெரிய கம்பெனி எதுவும் கூப்பிடாததால் தானே வாசித்து, தானே பதிவு செய்து, தானே அட்டை ஒட்டி, தானே விற்பது. நம் தோட்டத்துக் கோயில் திருவிழா மாதிரி. மைக் பிடிப்பவர்தான் பந்தல் போட்டவர். பந்தல் போட்டவர்தான் அன்னதானத்துக்கு வெங்காயம் உரித்தவர்.

இவர்களுக்குச் சுருதி அவ்வளவாகச் சேராது. அதை மறைப்பதும் இல்லை. எனக்கு முதலில் பிடித்தது அதுதான். எங்கள் குடும்பத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பரிசு வாங்க மேடை ஏறும்போது சட்டை கசங்கக்கூடாது, திருக்குறளில் ஒரு சீர் பிசகக்கூடாது என்றே வளர்ந்தேன். இவர்கள் என்னடாவென்றால் பிசகிக்கொண்டே மேடையில் நிற்கிறார்கள், ஜனங்களும் கை தட்டுகிறார்கள். பாடுவதும் பெரிய விஷயங்களை இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டது, துவைத்த துணி காயாதது. துணி காயாத சோகத்தை நம்மை விட யாருக்குத் தெரியும்? எங்கள் லைனில் மூன்று நாள் தொங்கிய பள்ளிச் சட்டையை அடுப்புக்கு மேலே காயவைத்துப் போட்டுக்கொண்டு போனவன் நான். வகுப்பு முழுக்க என் மீது கருவாட்டு வாசம்.

போன வருடம் மதியச் சாப்பாட்டைப் பல நாள் பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டு மூன்று ஆல்பம் வாங்கினேன். முதலாவது 'நைஸ் அங்கிள்ஸ்'. அட்டையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வேறொன்றும் இல்லை. இரண்டாவது 'வெட் செராமிக்ஸ்'. எட்டுப் பாட்டு, அதில் ஏழு ஒரே பாட்டு என்று சத்தியம் செய்வேன். மூன்றாவது 'பேப்பர் கெட்டில்'. ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்து முடித்ததும் டிரம்ஸ்காரரே மேசை போட்டு விற்றார். கிதாரை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் ஒரு நீளமான இரைச்சல் எழும். அந்த இரைச்சலை அணைக்காமல் வளரவிட்டு, அதற்கு உள்ளே போய் நின்று பாடுவார்கள். முதல் தடவை கேட்டபோதே இது எங்கோ கேட்ட சத்தம் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

அந்தச் சத்தத்தால்தான் வம்பு வந்தது.

3

நான் மெல்பர்னுக்கு வந்தது கட்டுமானப் பொறியியல் படிக்க. அதில் அப்பாவுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு.

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேல் இரண்டு பலகை. பெரிய மழைக்குப் பலகை அடித்துக்கொண்டு போகும், புதுப் பலகை வரும், அதுவும் போகும். அப்பாவும், கூட வேலை செய்யும் வங்காளதேசத்து ஆலம் பாயும் கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தப் பலகையில்தான் கடந்து போவார்கள். எனக்கு இடம் கிடைத்த அன்று கம்போங் ராஜா மாமாக் டீக்கடையில் அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என் மவன் வந்து பாலம் கட்டுவான் லா." அன்றிலிருந்து கடையில் தே தாரிக் ஆற்றுகிறவருக்கு என் பெயரே மறந்துவிட்டது. "வாங்க பாலம், என்னா குடிக்கிறீங்க?"

இரண்டாம் ஆண்டில் மாணவர்களின் இசைப் பதிவறையில் போய் உட்கார ஆரம்பித்தேன். மைக்கை இரண்டு விரல் அளவு நகர்த்தினால் ஒரு குரலே மாறிவிடுவதைப் பார்த்தேன். கான்கிரீட் வகுப்பில் எனக்கு வராத தூக்கம் இல்லை. இந்த அறையில் சாப்பாடே மறந்துபோனது. ஒலிப் பொறியியலுக்கு மாறுவது என்று முடிவு செய்தேன்.

பல்கலைக்கழகம் சரி என்றது. என்னைப் படிக்கவைக்கும் அறக்கட்டளை ஒரு விண்ணப்பப் பாரம் அனுப்பியது. பாரங்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் வரும் பட்டியலில் நடன ஆசிரியர் இருப்பார், விமானி இருப்பார், கொழுந்து வெட்டுகிறவர் இருக்க மாட்டார். 'மற்றவை' என்று குறித்துக் குறித்து அப்பாவே மற்றவை ஆகிவிட்டார். இந்தப் பாரத்தில் இன்னும் ஒரு கட்டம் இருந்தது. ஜாமீன்தாரர், அதாவது அப்பா, மாற்றத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'கருத்து' என்று இரண்டு வரி எழுதவும் வேண்டும். படமெடுத்து அனுப்பினால் செல்லாது, அசல் தாள் வேண்டும். விடுமுறை முடிந்த திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் கட்டுமானத்திலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

பாரத்தை எட்டாக மடிக்காமல் கசங்காமல் கொண்டுபோக ஓர் இடம் தேடினேன். 'பேப்பர் கெட்டில்' அட்டைக்குள் தட்டோடு தட்டாகச் செருகினேன்.

4

வீட்டில் எனக்கு இருந்தது நான்கு நாள்.

முதல் நாள் மழையைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் நாள் கோலா தெர்லா பக்கம் மண் சரிந்து காய்கறி லோரிகள் நின்றதைப் பற்றிப் பேசினோம். இடையில் அம்மா கேட்ட எதற்கோ பழக்க தோஷத்தில் "நோ வொரீஸ்" என்றேன். "எதுக்குடா கவல? நா என்னா கேட்டேன், ரசம் ஊத்தவான்னுதான கேட்டேன்" என்றார். மெல்பர்னில் 'லா' போட்டுப் பேசிப் பென்னைக் குழப்புகிறேன். இங்கே வந்து அம்மாவைக் குழப்பினேன்.

சூட்கேஸ் மாதிரி மடிக்கிற சின்ன ரெக்கார்டு பிளேயர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அப்பாவை உட்காரவைத்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்கவைப்பது, பிறகு பாரத்தை எடுப்பது என்று திட்டம். அம்மாதான் அட்டைகளைப் புரட்டினார்.

"நாற்காலிய படம் புடிச்சு வித்திருக்கான். நம்ம வூட்டுல ஆறு கெடக்கே, ஏன்டா சொல்லல?"

"அது கலைம்மா."

"ஒரு கால் ஒடஞ்சதுகூட இருக்கு. அது இன்னும் நல்ல கல."

அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். எஞ்சின் இருக்கும் முனையை எப்போதும் அவர்தான் பிடிப்பார், அது இடது காதுப் பக்கம் வரும். டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, "அங்க இப்ப எத்தன பாலம் கட்ட சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். "ரெண்டு மூணு" என்றேன். பாரம் அட்டைக்குள்ளேயே இருந்தது.

5

மூன்றாம் நாள் சரஸ்வதி பூஜை. மெஷின் தோட்டத்து ஸ்டோருக்குச் சொந்தம். பூஜைக்கு மட்டும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தோட்டத்துக் கணக்கரான கிராணி விடுவார். அப்பா அதைக் குளிப்பாட்டி, துடைத்து, முன்னறையில் சாமி படத்துக்குக் கீழே படுக்கவைத்திருந்தார். அம்மா கியா பார்மில் ஸ்ட்ராபெரி நறுக்கும் கத்தரியை வைத்தார். தங்கை மாலினி கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பதில் அவளைப் போல் பக்தி உள்ளவர்கள் குறைவு.

நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் மூன்று ஆல்பமும் பிளேயரும் மெஷினுக்குப் பக்கத்தில். மூன்று அட்டையிலும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செம்பருத்தி.

"அம்மா, இதை ஏன் எடுத்தீங்க?"

"அப்பாவுக்கு மெஷினு. எனக்குக் கத்தரி. உனக்கு இதுதான சாமான்? வந்ததுலேருந்து இதத்தான தடவிக்கிட்டு இருக்க."

"உள்ள ஒண்ணு இருக்கு, எடுக்கணும்."

"நாளைக்கு எடு."

நாளை மதியம் எனக்கு ஈப்போ பஸ். அம்மா அடுப்படிக்குப் போனதும் மெல்லக் கையை நீட்டினேன். மெஷின் கைப்பிடிக்கும் கத்தரிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது.

"அம்மா! அண்ணன் சாமிகிட்ட கை வைக்குது!"

"ஏ, நா தூசி தட்டுறேன்."

"பூஜ முடிஞ்ச பெறகு என்னா தூசி?" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் காதுக்கு இது மட்டும் எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையை எடுத்துக்கொண்டேன்.

6

விஜயதசமிக் காலையில் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. பூஜையில் வைத்த சாமானை அவரவர் எடுத்து, எல்லார் முன்னாலும் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும். ஓட்டாத சாமான் அந்த வருடம் முரண்டு பிடிக்கும் என்பது அம்மாவின் கட்சி.

ஆலம் பாய் வந்தார். அவரும் அப்பாவும் மெஷினை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, அப்பா கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மெஷின் எழுந்தது. எதிர்மலையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அணைத்தார். அம்மா கத்தரியை இரண்டு தடவை காற்றில் வெட்டினார். மாலினி ஒரு கணக்கு போட்டாள், தப்பு.

"இப்ப உன்னோடது" என்றார் அம்மா.

நானே எடுக்கிறேன் என்று குனிவதற்குள் மாலினி உதவி செய்துவிட்டாள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். தட்டு அவள் கைக்கு வந்தது. பாரம் நழுவி அப்பாவின் காலடியில் விழுந்தது.

அதன் நான்கு மூலையிலும் மஞ்சள்.

நான்கு மூலையில் மஞ்சள் தடவிய தாள் எதற்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் வெளுத்தது.

"யார்ரா பொண்ணு?"

"அப்பா..."

"வெள்ளக்காரியா?"

"கல்யாணமா அண்ணே?" என்றார் ஆலம் பாய் வாசலிலிருந்து, மலர்ந்த முகத்தோடு. "சோறு எங்க, இங்கயா அங்கயா?"

"ஐயோ, மஞ்சள் நாந்தாங்க வச்சேன்!" என்றார் அம்மா. "தட்ட வெளிய எடுத்தேன். அட்டைக்கு வச்சா போதுமா, சாமானுக்குத்தான பொட்டு வைக்கணும்? உள்ளருந்து இது வந்துச்சு. ஏதோ பரீட்சத் தாளு, நல்லபடியா வரட்டும்னு மூலைக்கு மூல தடவி வச்சேன். எனக்கு என்னா தெரியும்?"

மாலினி எடுத்துச் சத்தமாகப் படித்தாள். படிக்கவேண்டிய கணக்கை விட்டுவிட்டு இதை ஒரு பிழை இல்லாமல் படித்தாள். கட்டுமானத்திலிருந்து ஒலிக்கு மாற்றம். ஜாமீன்தாரர் சம்மதம். திங்கட்கிழமை.

கல்யாணம் இல்லை என்று தெரிந்ததும் அப்பா முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பிறகு மெதுவாக மறுபடி போனது.

"அப்ப பாலம்?"

நான் மாலினி கையிலிருந்து இசைத்தட்டை வாங்கிக்கொண்டேன்.

"பாட்டுப் போடவா அவ்ளோ தூரம் போன? கலியாண மண்டபத்துல ஒலிபெருக்கி கட்டுறவன் எங்க படிச்சான்?"

"அந்த வேல இல்லப்பா."

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மொதல்ல அத ஓட்டு. பூஜையில வச்சது. அந்த மொறையாவது முடியட்டும்."

தட்டின் ஒரு பக்கத்தில் அம்மா வைத்த பொட்டு ஐம்பது சென் காசு அளவுக்குக் காய்ந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். முழுக்கப் போகவில்லை. அந்தப் பக்கத்தையே வைத்தேன். ஊசியை இறக்கினேன்.

முதல் பாட்டு ஓடியது. அம்மா, "சோகமா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் இப்படி இழுக்குறான், பாவம்." இரண்டாவது பாட்டில் கிதார் இரைச்சல் தொடங்கியது. அப்பா தலையைத் திருப்பினார். எழுந்து வந்து, பிளேயருக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வலது காதைச் சாய்த்தார்.

"ஆலம், இங்க வா. இத கேளு."

ஆலம் பாயும் வந்து குனிந்தார். "நம்ம மெஷினு அண்ணே."

"ரெண்டு ஸ்ட்ரோக்கு எஞ்சினு. எண்ண கம்மியா கலந்திருக்கான். கேளு, மேட்டுல ஏறும்போது இப்படித்தான் கத்தும்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே, எதிர்மலையில், மூடுபனிக்குள்ளிருந்து வருடம் முழுக்க வந்துகொண்டிருந்த சத்தம் இதுதான். அப்பா கண்ணுக்குத் தெரியாமல் சத்தமாக மட்டும் இருந்த அத்தனை காலைகளும்.

டக். டக். டக்.

"போல்ட்டு லூசு" என்றார் அப்பா.

"அது நா வச்ச பொட்டு" என்றார் அம்மா.

பாட்டு முடியும்வரை அப்பா எழவில்லை. முடிந்ததும் கேட்டார்: "இதெல்லாம் படிச்சா சத்தத்த கூட்டத்தான் முடியுமா, கொறைக்கவும் முடியுமா?"

"கொறைக்கவும் படிக்கணும்பா. மெஷின் சத்தம், ரோட்டுச் சத்தம். அதுவும் பாடத்துல இருக்கு."

பெரிதாகச் சொல்ல நினைத்தேன், பயந்து நிறுத்திக்கொண்டேன். பொய்யான வாக்குறுதி ஒன்று ஏற்கெனவே மாமாக் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறது.

"போய் பையக் கட்டு. பஸ் போயிரும்" என்றார்.

7

நான் உள்ளே துணி மடிக்கும்போது முன்னறையில் அப்பா சொல்லச் சொல்ல மாலினி எழுதுவது கேட்டது. சொன்னது என்ன என்று கேட்கவில்லை. அம்மா அரைக்கிற சட்னி குறுக்கே வந்துவிட்டது. அப்பா என்னைக் கம்போங் ராஜாவில் மோட்டாரில் இறக்கிவிட்டு, மடித்த தாளைக் கையில் கொடுத்தார். "ஓடையில பலக நல்லாத்தான் இருக்கு. போன மாசம்தான் போட்டாங்க" என்றார்.

பஸ் கிளம்பி இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் பிரித்தேன். கையெழுத்துக் கட்டத்தில் அப்பாவின் பெயர், தமிழில், கட்டத்தை விட்டு வெளியே நடந்து போயிருந்தது. கருத்துக் கட்டத்தில் மாலினியின் எழுத்து:

'எனக்கு இடது காது கேட்காது. இவனுக்கு ரெண்டும் கேட்கும். படிக்கட்டும்.'

மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாய் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அறக்கட்டளையிலிருந்து இரண்டு கேள்வி வந்தது. மூலைகளில் மஞ்சள் கறை ஏன்? ஜாமீன்தாரரின் கருத்து வேறு மொழியில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு எங்கே? முதல் கேள்விக்கு 'சமையல் பொருள்' என்று பதில் எழுதினேன். இரண்டாவதற்கு அப்பாவின் மூன்று வாக்கியத்தை ஆங்கிலத்தில் போட்டு அனுப்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இலக்கணப்படி சரியாக இருந்தது. அப்பா குரல் வரவில்லை. ஆனாலும் மாற்றம் கிடைத்துவிட்டது.

இன்று விஜயதசமி. காலையில் என் ஹெட்போனுக்கு ஒரு பொட்டு வைத்தேன். பென் கேட்டான், இப்போது அதுவும் சாமியா என்று. தனக்கும் ஒன்று வை என்று பிரஷை நீட்டினான், வைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அப்பா. எங்கள் வீட்டில் அவர் போனில் பேசுவது கிராணி சிரிப்பது போல் அரிது.

"மெஷினு போட்டுக் காட்டுறேன், கேளு. நல்லாருக்குன்னு ஆலம் சொல்றான். ஸ்டோருக்காரனும் சொல்றான். எனக்கு நம்பிக்க இல்ல. நீ கேட்டுச் சொல்லு."

பிறகு முக்கால் நிமிடம் மெஷின். ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். இரண்டாம் தடவை கேட்டேன். மூன்றாம் தடவை பென்னை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில், மிக மெல்லிசாக, டக். டக்.

"எண்ண சரியாத்தான் இருக்குப்பா. ஆனா பிளேடு பக்கம் ஒரு போல்ட்டு லூசு. கடைசி முனையா இருக்கும், பாருங்க" என்று பேசி அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கான்கிரீட் பரீட்சை முடிவுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு படம். அப்பாவின் உள்ளங்கை. நடுவில் ஒரு போல்ட்டு, அதன் தலையில் நேற்று வைத்த சந்தனம். கீழே மாலினி தட்டியிருந்தாள்:

'கையெழுத்து வேஸ்ட் இல்லயாம். அப்பா சொல்லச் சொல்லுது.'